பதினெட்டுப் புள்ளி

எழிலரசன் காலையிலிருந்து நான்காவது முறையாக போனில் கூப்பிட்டார். இர்பானா மணியை முழுக்க அடிக்கவிட்டாள். பிறகு அவளே திருப்பிக் கூப்பிட்டாள்.

“பயந்துட்டியாம்மா?” என்றார்.

“இல்ல சார். கரண்ட் இல்ல. சார்ஜ் கம்மியா இருக்குது.”

“அஞ்சு மணிக்கு வீடியோ மீட்டிங். கனடாவுல இருந்து மார்க்கஸே வராரு. அதுக்குள்ள அந்த ஆளோட கையெழுத்து வேணும். ஃபாரம் மெயில்ல போட்டிருக்கேன். ஒரே பக்கம்.”

“அவரு கமிட்டில மூட்டை எறக்கிட்டு இருப்பாரு சார்.”

“எங்க இருந்தாலும் புடி. இன்னைக்கு எங்களுக்கு நீதான் எல்லாம். தமிழ்ப் பொண்ணு, முஸ்லிம், செஞ்சியிலயே பொறந்தவ. உன்ன முன்னால நிறுத்திட்டா எவன் நிறவெறின்னு வாயத் தொறப்பான்?”

அவர் சிரித்தார். இர்பானா சிரிக்க முயன்றாள்.

எழிலரசனின் கம்பெனி புதுச்சேரியில் இருந்தது. பதினான்கு பேர். வெளிநாட்டு வீடியோ கேம்களுக்கு உடம்பும் முகமும் செய்து கொடுப்பது தொழில். இர்பானா மூன்று வருடமாக செஞ்சியில் தன் வீட்டு மாடியறையிலிருந்தே அந்த வேலையைப் பார்த்தாள். கடைசியாகச் செய்த கேமில் ஒரு மலைக்கோட்டை வரும். கொள்ளைக்கூட்டம் பிடித்துவைத்திருக்கும் கோட்டையை ஒரு வணிகனின் மகள் மீட்க வேண்டும். நிஜமான முகங்கள் வேண்டும் என்று கனடாக்காரர்கள் கேட்டார்கள். இர்பானா ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரியாணி சொல்லி, தெரிந்தவர்களையெல்லாம் ஒரு மொட்டைமாடிக்கு வரவழைத்து, ஆளுக்கு இருபத்து நான்கு படம் எடுத்தாள். கேமில் இருக்கும் அறுபத்து நான்கு முகமும் செஞ்சிக்காரர்களுடையது.

கேம் வெளியாகி ஒன்பது நாள் ஆகிறது. ஐந்து நாள் பாராட்டினார்கள். ஆறாம் நாள் யாரோ ஒருவன் அறுபத்து நான்கு முகத்தையும் வெட்டியெடுத்து, கன்னத்து நிறத்தை மட்டும் பிரித்து, இரண்டு பட்டைகளாக அடுக்கி இணையத்தில் போட்டான். மேல் பட்டையில் நல்லவர்கள். பால் கூடிய டீ நிறம். கீழ்ப் பட்டையில் கொள்ளைக்காரர்கள். வறுத்த காப்பிக்கொட்டை நிறம். நடுவில் ஒரு வரி: இந்தக் காலத்திலுமா?

அன்று இரவுக்குள் அதைப் பதினோரு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். வெள்ளைக்காரன் புத்தி மாறாது என்றார்கள் சிலர். கறுப்பாக இருக்கிறவர்களைக் கறுப்பாகக் காட்டினால் அதிலும் குற்றமா என்றார்கள் சிலர். நம்ம ஊர் சீரியலில் வில்லி மட்டும் என்ன நிறம், அதைக் கேட்க ஆளில்லை என்று தமிழில் ஒருவர் எழுதினார். அவரைத் தமிழிலேயே நாற்பது பேர் திட்டினார்கள். கொள்ளைக்கூட்டத் தலைவனின் முகத்தைத் தனியே எடுத்து, மனிதனுக்கு இப்படி முகம் இருக்காது, இது கேலிப்படம் என்று எழுதியவர்கள்தான் அதிகம். ஒருவன் அந்த முகத்துக்குப் பக்கத்தில் ஒரு கரடியின் முகத்தை ஒட்டிப் போட்டிருந்தான்.

அது வெற்றிவேலின் முகம். நெல் கமிட்டி என்று ஊரில் சொல்லும் அரசு விற்பனைக்கூடத்தில் மூட்டை தூக்குகிறவன். இர்பானாவின் தோழி மணிமொழிக்கு அண்ணன்.

எழிலரசனின் திட்டம் எளிது. கேமில் வரும் முகத்துக்குப் பக்கத்தில் வெற்றிவேலின் நிஜப் படத்தை வைத்து, இர்பானாவின் பெயரில் ஓர் அறிக்கை. அறிக்கையை அவரே எழுதிவிட்டார். ‘இந்த முகம் செஞ்சியில் வாழும் ஒரு மனிதருடையது. நிறத்திலோ அமைப்பிலோ எந்த மாற்றமும் செய்யப்படவில்லை. இதை உருவாக்கியவர் அதே ஊரைச் சேர்ந்த தமிழ்ப் பெண்.’

மூன்று வாக்கியம். மூன்றும் உண்மை. சொல்லாமல் விட்டதுதான் பிரச்சினை.

இந்த வேலைக்கு முன் அவள் நான்கு வருடம் அரங்கநாதன் ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பங்களுக்கு டச்சப் செய்தவள். மணிமொழியும் அங்கேதான் இருந்தாள். அங்கே ஒரு பழக்கம் உண்டு. பெண், மாப்பிள்ளை, இரண்டு வீட்டு ஆட்கள், எல்லோருக்கும் கலர் ஏற்ற வேண்டும். சமையல்காரர், மேளக்காரர், பந்தல் போட்டவர், இலை எடுத்தவர் யாராவது படத்தில் விழுந்திருந்தால் அப்படியே விட்டுவிட வேண்டும். குடும்பத்துக்கு மட்டும்தான் டச்சப். யாரும் எழுதிவைக்கவில்லை. நேரம் மிச்சம், அவ்வளவுதான். திரையில் ஒரு பட்டை இருக்கும். வலப்பக்கம் தள்ளத் தள்ளத் தோல் வெளுக்கும். பதினெட்டுப் புள்ளி தள்ள வேண்டும். அதற்கு மேல் போனால் சுண்ணாம்பு அடித்ததுபோல் ஆகும். குறைந்தால் பெண்வீட்டார் ஆல்பத்தைத் திருப்பி அனுப்புவார்கள். ஆயிரக்கணக்கான முகங்களுக்குத் தள்ளித் தள்ளி, கண் பார்க்காமலே கை அந்த இடத்தில் போய் நின்றுவிடும்.

கேமிலும் கை அங்கேதான் போய் நின்றிருந்தது. வணிகன், அவன் மகள், வைத்தியக்காரி, தச்சன், குயவன் என்று நல்லவர்கள் நாற்பத்தொரு பேர். அத்தனை பேருக்கும் பதினெட்டு. கொள்ளைக்காரர்கள் இருபத்து மூன்று பேரை அவள் தொடவே இல்லை. அவர்களை யாரும் கறுப்பாக்கவில்லை. மற்றவர்களை வெளுப்பாக்கியவள் அவள்.

அந்த இரண்டு பட்டைகளைப் பார்த்த அன்றுதான் அவளுக்கே தெரிந்தது. கோப்பைத் திறந்து பார்த்தாள். 18, 18, 18 என்று நாற்பத்தொரு வரி. மூடிவிட்டாள். அதன் பிறகு சோறு இறங்கவில்லை.

அதைவிட மோசமாக ஒரு மெயில் இருந்தது. போன வருடம் மார்க்கஸ் அனுப்பியது. கேமின் ஓவியங்களுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. இப்போது ஊர் உலகமெல்லாம் திட்டுவது அவரைத்தான். வெள்ளைக்காரன், அவன்தான் கறுப்பாக்கச் சொல்லியிருப்பான் என்று அவருடைய மனைவியின் இணையப் பக்கத்தில்கூடப் போய் எழுதினார்கள். அந்த மெயிலில் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். கேமில் வரும் ஊர்மக்களின் நிறம் கொஞ்சம் வெளுப்பாகத் தெரிகிறதே, உங்கள் பகுதிக்கு இது சரிதானா?

இர்பானா பதில் போட்டிருந்தாள். சரிதான், நான் இந்த ஊர்க்காரி.

லேப்டாப்பில் முப்பது சதவீதம் இருந்தது. பையில் போட்டுக்கொண்டு இறங்கினாள். அன்று அமாவாசை. திருவண்ணாமலை ரோட்டில் மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் ஸ்பெஷல் பஸ்கள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்றன. சந்து வழியாக நடந்து மணிமொழியின் ஜெராக்ஸ் கடைக்கு வந்தபோது மணி மூன்று இருபது. கடையில் இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

“வாடி பாரின் கம்பெனி,” என்றாள் மணிமொழி. “சாப்டியா?”

“சாப்டேன்.”

“மூஞ்சியப் பாத்தா அப்டி இல்லியே. இன்னா ஆச்சு?”

“ஒரு பிரிண்ட் எடுக்கணும். அண்ணன் கையெழுத்து வேணும்.”

“எங்கண்ணன் கையெழுத்தா? ரேஷன்ல வெரல் வெக்கச் சொன்னாலே எதுக்குன்னு கேட்டு சண்ட போடுவான்.”

சொல்லிக்கொண்டே அண்ணனுக்கு போன் போட்டாள். லாரி ஒன்று பாதி இறங்கியிருக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன் என்றான் அவன்.

பக்கத்து வல்லத்திலிருந்து வந்த ஓர் அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மகளின் பாஸ்போர்ட் சைஸ் படத்துக்காகக் காத்திருந்தாள். “கொஞ்சம் கலர் குடுத்துடும்மா,” என்றாள். “காலேஜுக்குப் போவப்போவுது.” மணிமொழி தலையைக்கூடத் திருப்பவில்லை. கை மவுஸைத் தள்ளியது. இர்பானா அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எவ்ளோ வெக்கற?”

“எப்பவும் வெக்கறதுதான். ஏன்?”

“சும்மா கேட்டேன்.”

படத்தை வாங்கிக்கொண்டு அந்த அம்மா போனாள். மணிமொழி ஃபாரத்தை அச்செடுத்து, சூடு ஆறுவதற்குள் படிக்க ஆரம்பித்தாள். கடைக்கு வரும் எந்தக் காகிதத்தையும் அவள் படிக்காமல் விடமாட்டாள்.

“இன்னாடி இது? அவன் மூஞ்சிய உலகம் பூரா காட்டலாம்னு போட்டிருக்குது?”

இர்பானா நடந்ததைச் சொன்னாள். பட்டைகள், திட்டு, அறிக்கை. பதினெட்டை மட்டும் சொல்லவில்லை.

“அந்த கேமைக் காட்டு மொதல்ல.”

லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். கோட்டைச் சுவர்மேல் வெற்றிவேல் வேலோடு நின்றான். மணிமொழி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “அய்யய்யோ! புருவத்துல கொக்கி கிழிச்ச காயம்கூட வெச்சிருக்கியேடி. அதே தெத்துப்பல்லு. அய்ய, செத்துட்டான் பாரு!” வெற்றிவேல் அம்பு பட்டு விழுந்தான். மறுபடி எழுந்தான். மறுபடி விழுந்தான். மணிமொழி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நான் எங்க? எனக்கும்தான் இருபத்தி நாலு எடுத்த. கழுத்து சுளுக்கி ரெண்டு நாளு கெடந்தேன்.”

உன்னை கேமிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்று சொல்லிவிடலாம். அந்த வார்த்தை இர்பானாவின் நாக்குவரை வந்தது.

“இருக்கற,” என்றாள்.

கிணற்றடி. வைத்தியக்காரி ஒருத்தி காயம்பட்டவனுக்குத் தண்ணீர் கொடுக்கிறாள்.

“இது யாரு?”

“நீதான்.”

மணிமொழி குனிந்து பார்த்தாள். “அட. நல்லாத்தான் இருக்கறேன். எங்க வீட்டுக்காரரு பாத்தா இன்னொரு தபா கட்டிக்குவாரு.” பிறகு இர்பானாவின் கையிலிருந்து மவுஸைப் பிடுங்கினாள். சுவருக்குப் போனாள். கிணற்றடிக்கு வந்தாள். மறுபடி சுவருக்குப் போனாள். சிரிப்பு நின்றிருந்தது.

“ஏண்டி, நானும் எங்கண்ணனும் ஒரே நெறம்தானே?”

“ஆமா.”

“இதுல பாத்தா எங்க நைனாவுக்கு ரெண்டு பொண்டாட்டி போல இருக்குது.”

இர்பானா மவுஸுக்குக் கை நீட்டினாள். மணிமொழி கொடுக்கவில்லை.

“எவ்ளோ ஏத்துன?”

“பதினெட்டு.”

“ஸ்டுடியோ கணக்கு.”

“ம்.”

“அவனுக்கு?”

“அவரு குடும்பத்துல வரல,” என்றாள் இர்பானா. சொன்ன பிறகுதான் அது காதில் விழுந்தது.

மணிமொழி அவளைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருக்கலாம். கணக்குப் போடுகிறவளைப்போலப் பார்த்தாள்.

“வெள்ளக்காரன் சொன்னானா அப்டிப் பண்ணச் சொல்லி?”

“இல்ல. வெளுப்பா இருக்குதே, சரியான்னு கேட்டாரு. சரின்னு நான்தான் சொன்னேன்.”

“இப்ப அந்தாளுதான் திட்டு வாங்கறான்.”

“ஆமா.”

“நீ இந்த பேப்பரக் குடுத்துட்டா?”

“எல்லாரும் தப்பிச்சுடுவோம்.”

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. வெற்றிவேல் வந்தான். தலையில் கட்டிய துண்டிலும் புருவத்திலும் நெல் தூசி. “இர்பானா பாப்பா, இன்னா, கையெழுத்தாமே? லோன் கீன் வாங்கிட்டியா எம் பேர்ல?”

“கேமுக்கு அண்ணே. உங்க நெஜ போட்டோவப் போடணும்னு கேக்கறாங்க.”

“போட்டுக்கோ. கமிட்டி பசங்க எல்லாம் பாத்துட்டானுங்க. காலைல இருந்து தலைவரே தலைவரேன்னு ஒரே ஓட்டு. எத்தினி பேரக் கொல்றேன் அதுல?”

“நெறைய பேர,” என்றாள் இர்பானா.

“அது போதும்.” பேனாவை வாங்கி, மேசைமேல் குனிந்து, பெயரை முழுதாக எழுதினான். எழுத்து பெரிதாக இருந்தது. “இந்த மாதிரி மூஞ்சியே கெடையாதுன்னு எவனோ எழுதியிருக்கானாமே. கூட மூட்ட தூக்கற ரஞ்சித்து படிச்சுக் காட்டுனான். இன்னும் இன்னாவோ இருந்திச்சு, அத மட்டும் காட்ட மாட்டேன்னுட்டான்.”

“அத விடுங்க அண்ணே.”

“காட்டு.”

அவனாகவே மணிமொழியின் போனை எடுத்தான். கொஞ்சம் முன்னால் இர்பானா அனுப்பியிருந்த இணைப்பு அதில் திறந்தே கிடந்தது. விரலால் தள்ளிக்கொண்டே போனான். ஓரிடத்தில் விரல் நின்றது.

“இந்தக் கரடி எதுக்கு?” என்றான்.

மணிமொழி ஒரு காகிதக் கட்டை எடுத்து ஓரம் தட்டினாள். தட்டத் தேவையில்லாத கட்டு அது.

வெற்றிவேல் இன்னும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தான். “பல்லு கொஞ்சம் தெத்துதான்,” என்றான். சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வருவதற்குள் மேலுதடு இறங்கிப் பல்லை மூடிக்கொண்டது. இத்தனை வருடத்தில் அவன் அப்படிச் செய்து இர்பானா பார்த்ததில்லை.

“பெருசாவே போடு பாப்பா,” என்றான். “பொம்மை இல்ல, மனுசன்தான்னு தெரியட்டும். அடுத்த லாரி நிக்குது, வரேன்.”

போய்விட்டான். கையெழுத்திட்ட காகிதம் மேசைமேல் இருந்தது. அதன் ஓரத்தில் அவன் கைத்தூசி. மணி நான்கு பத்து.

மணிமொழி மிஷினிடம் போனாள். அதே ஃபாரத்தை இன்னொரு பிரதி எடுத்தாள். நின்றபடியே பெயர், முகவரி எல்லாம் நிரப்பிக் கையெழுத்துப் போட்டாள். முதல் காகிதத்தின் மேல் வைத்தாள்.

“என்னுதையும் போடு.”

“மணி, உன்னுதப் போட்டா எல்லாம் வெளிய வந்துடும்.”

“வரட்டும்.”

“வேல போயிடும்டி. எனக்கு மட்டும் இல்ல, பதினாலு பேருக்கு.”

“போவும்தான்.” மணிமொழி உட்கார்ந்தாள். “நான் இன்னா உன்ன ஜெயிலுக்கா போவச் சொல்றேன்? என் கையும்தான் அதே வேலையப் பண்ணுது, இப்பக்கூடப் பாத்தியே. ஆனா அவன் போட்டோவ மட்டும் உலகத்துக்குக் காட்டி, அவன் சொந்தத் தங்கச்சிய வெளுப்பாக்கிக் கெணத்தடியில உக்கார வெச்சிருக்கற. நாளைக்கு அவன் பக்கத்துல உக்காந்து நான் எப்டிடி சோறு துன்றது?”

இர்பானா இரண்டு காகிதத்தையும் எடுத்துக்கொண்டாள்.

“லேமினேஷன் மிஷினுக்குப் பின்னால பிளக் இருக்குது. அங்க உக்காந்து பேசு. நான் எட்டிப் பாக்க மாட்டேன்.”

அவள் எட்டிப் பார்க்கவில்லை. வந்தவர்களுக்கு ஆதார் நகல் எடுத்தாள், சில்லறை இல்லை என்று சண்டை போட்டாள். இர்பானா பின்னால் உட்கார்ந்து இரண்டு காகிதத்தையும் போனில் படம் பிடித்தாள். ஒன்றை மட்டும் அனுப்பிவிடலாம். மற்றதை வாங்க மறுத்துவிட்டார்கள் என்று மணிமொழியிடம் சொல்லிவிடலாம். அவள் நம்பமாட்டாள், ஆனால் ஒன்றும் கேட்கமாட்டாள். பதினெட்டு எழுதியிருந்த அந்தக் கோப்பு இன்னும் எத்தனை நாளைக்கு மூடியே கிடக்கும்? ஒரு வருடம்? அல்லது நாளைக்கே கனடாவில் யாராவது திறப்பார்களா? ஒவ்வொரு முறை போன் அடிக்கும்போதும் அதுதானா என்று பார்க்க வேண்டும். வேலை போனால் மறுபடி ஆல்பம்தான். அந்த நாற்காலி, அந்தப் பட்டை, அந்தப் பதினெட்டு. இரண்டு வழியையும் யோசித்துப் பார்த்தாள். பிறகு மொட்டைமாடியில் எடுத்த படங்கள் இருந்த கோப்பைத் திறந்தாள்.

நான்கு ஐம்பத்து மூன்றுக்கு எழிலரசன் திரையில் வந்தார்.

“கையெழுத்து கெடச்சுதா?”

“ரெண்டு கெடச்சுது சார்.”

“ரெண்டா? ஒரு ஆள்தானே?”

“அவரு தங்கச்சியும் போட்டிருக்கா.”

“தங்கச்சி எதுக்கு?”

சொன்னாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மூன்று நாளாகத் தூக்கிக்கொண்டு திரிந்தது இவ்வளவுதானா என்று அவளுக்கே இருந்தது. எழிலரசன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“இப்ப யாரும் இதக் கேக்கல,” என்றார். “கேக்காத கேள்விக்கு எதுக்கும்மா பதில்?”

“மார்க்கஸ் போன வருசமே கேட்டாரு சார். நான் தப்பா சொல்லிட்டேன். இப்ப அவரத் திட்றாங்க.”

“திட்டுவாங்க. அவருக்கு நாளைக்கே வேற கம்பெனி வேல குடுக்கும். உனக்கு எவன் குடுப்பான்? அவனுங்க மேல இருக்கற கோவம் அத்தனையும் உம்மேல திரும்பும். பாத்தீங்களா, அவளுங்களே இப்டித்தான்னு சொல்லுவானுங்க. அதத் தாங்குவியா?”

அதைத்தான் அவளும் மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

“தெரியல சார்.”

“அப்ப பேசாம இரு. ஒரு போட்டோவக் காட்டு. மிச்சத்த நான் பேசிக்கறேன்.”

மூன்றாவது கட்டம் வெளிச்சமானது. மார்க்கஸ். அங்கே விடிகாலை. அவருக்குப் பின்னால் ஜன்னல் இருட்டாக இருந்தது. தாடி நாலு நாள் வளர்ந்திருந்தது. வணக்கம் சொல்லி, அவள் பெயரைத் தப்பில்லாமல் உச்சரித்தார். நேரம் ஒதுக்கியதற்கு நன்றி என்றார். என்ன நடந்தாலும் அவள் வேலையில் தனக்குச் சந்தேகம் இல்லை, அவள் அந்த ஊர்க்காரி என்பதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றார். எழிலரசன் வேகமாகத் தலையாட்டினார்.

இர்பானா தன் திரையை அவர்களுக்குத் திறந்துவிட்டாள்.

நான்கு படம். மேலே அண்ணனும் தங்கையும், ஒரே நாளில், ஒரே மொட்டைமாடியில், ஒரே வெயிலில் எடுத்தது. கீழே கேமில் இருக்கும் இரண்டு பேர்.

“இர்பானா,” என்றார் எழிலரசன், தணிந்த குரலில், ஒரே ஒரு முறை.

மார்க்கஸ் முன்னால் குனிந்தார். கண்கள் மேலே போயின, கீழே வந்தன. ரோட்டில் கண்டக்டர் மலையனூர், மலையனூர் என்று கத்திக்கொண்டிருந்தான். அந்தச் சத்தம் அவர்களுக்கும் கேட்டிருக்கும்.

பிறகு மார்க்கஸ் மெதுவாகக் கேட்டார். இரண்டு பெண்கள் இருக்கிறார்களே, இதில் யார் நிஜம்?

இர்பானா அம்புக்குறியை மேல் படத்துக்குக் கொண்டுபோனாள். மணிமொழியின் கன்னத்தில் வைத்து நிறுத்தினாள்.

“இவள்,” என்றாள். “கீழே இருப்பதை மாற்றியது நான்.”

யார் சொல்லி என்று கேட்டார்.

“யாரும் சொல்லவில்லை.”

அவர் நாற்காலியில் சாய்ந்தார். முகத்தில் கோபமா, நிம்மதியா, ஒன்றும் பிடிபடவில்லை. இர்பானா அம்புக்குறியை அங்கிருந்து எடுக்காமல், அவர் வாய் திறப்பதற்காகக் காத்திருந்தாள்.